ஹலால்தான், ஆனா

1

இந்தக் கதை பாதியில் அறுந்த ஒரு தொலைபேசி அழைப்பில் பிறந்தது. ஆகவே அங்கங்கே வாக்கியம் நூல் பிரிந்து தொங்கினால் சரக்கைத் திருப்பிக் கொண்டுவராதீர்கள். சரக்கே அப்படித்தான்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'இன்றைய இளைஞர்களிடையே ஆற்றல் பானங்களின்...'

(வேண்டாம். இரண்டாவது வரிக்குள் உங்களுக்கே ஒரு டின் தேவைப்பட்டுவிடும்.)

2

என் அக்கா மகளுக்குப் பதினாறு வயது. வீட்டில் அவளுக்கு மீன்குட்டி என்று பெயர். மறுநாள் காலை நீச்சல் அணிக்குத் தேர்வு. பயிற்சிக்கு முன்னால் எனர்ஜி டிரிங்க் ஒரு டின் உள்ளே போனால்தான் தண்ணீர் வழிவிடும் என்பது அவள் கட்சி. அன்று மாலை பயிற்சி முடிந்து வந்து தண்ணீர் பாட்டில் மூடியைத் திருகும்போது அவள் விரல்கள் நடுங்கியதை அக்கா பார்த்துவிட்டாள். அதைச் சொல்லவில்லை. அந்த டின் ஹராம், மார்க்கத்தில் கூடாது என்றாள். அதிலுள்ள டாரின் என்ற சத்து காளைமாட்டின் எதிலிருந்தோ எடுப்பதாம். (துணி வியாபாரி வீட்டுப் பெண். உச்ச விலையில்தான் பேச்சைத் தொடங்குவாள்.)

3

மீன்குட்டி உடனே பள்ளிவாசல் இமாமை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு, மறுநாளுக்கென்று வைத்திருந்த டின்னில் எழுதியிருந்ததை வரிவரியாக வாசித்தாள். சாராயம் எதுவுமில்லை, டாரினை இப்போது ஆலையில்தான் செய்கிறார்கள், மாட்டை விட்டுவிடுங்கள் என்றார் இமாம்.

"ஹலால்தாம்மா. ஆனா—"

(இந்தக் கோடு என் கைவரிசை இல்லை. அவள் அழைப்பைத் துண்டித்துவிட்டாள்.)

4

என் முதல் பிரதியில் அக்கா இங்கே தோற்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். எழுதும்போதே சந்தேகம். இவள் அப்படிப் போகிறவளா? அடித்துவிட்டு, நடந்ததையே எழுதுகிறேன்.

"ஹலால்னா குடிச்சே ஆகணுமாடி? உங்க வாப்பாவுக்கு இன்னொரு கல்யாணம்கூட ஹலால்தான். பண்ணிக்கச் சொல்லட்டா?"

சோபாவில் நகம் வெட்டிக்கொண்டிருந்த மச்சான் நிமிர்ந்தார். "நான் பாட்டுக்கு இருக்கேன். என்னை ஏன் இழுக்கறே?"

மீன்குட்டி சிரித்துவிட்டாள். சிரிப்பு அடங்கியதும்தான் உண்மை வந்தது.

"இது இல்லாம நாளைக்குத் தோத்துருவேம்மா."

"அதுக்காகக் கை நடுங்க நடுங்க நீந்துவியா? நெஞ்சு அடிச்சுக்குதா, இல்லையா? அதைச் சொல்லு."

மீன்குட்டி டின்னை மேசைமேல் வைத்தாள். நெஞ்சு அடிக்கத்தான் செய்தது.

5

மூன்று முடிவுகள் கைவசம் உண்டு.

அ) டின்னைக் கொட்டிவிட்டு முதலிடம் பிடிக்கிறாள். பள்ளிக்கூடச் சுவரில் எழுதி வைக்கலாம்.

ஆ) குடிக்கிறாள், தண்ணீரில்... மன்னிக்கவும், அவள் என் மருமகள். எந்த விலைக்கும் இது விற்பனைக்கு இல்லை.

இ) இது நடந்தது. இணைப்புதான் போய்விட்டதென்று நினைத்து இமாமே திரும்ப அழைத்தார். சாமானுக்குத்தான் பதில் சொன்னேன், உன் உடம்புக்கு நான் ஜவாப்தாரி இல்லை, அதை டாக்டரிடம் கேள் என்றார்.

"அடியில பொடி எழுத்து இருக்குமே, வாசிச்சியாம்மா?"

எல்லா வரியையும் வாசித்தவள் அந்த ஒரு வரியை மட்டும் தாண்டியிருந்தாள். எங்கள் வீட்டுப் பிள்ளைதான். துணியின் கிழிசலை உள்பக்கமாக மடித்துக் காட்டியிருக்கிறாள்.

"சிறுவர்களுக்கு உகந்ததல்லன்னு போட்டிருக்கு, ஹஸ்ரத்," என்றாள் மெதுவாக. அக்கா மேசையைத் துடைக்க ஆரம்பித்தாள். ஜெயித்த பிறகு வாய் திறந்தால் பேரம் கெட்டுவிடும்.

மறுநாள் ஜெயித்தாளா என்கிறீர்களா? அது நீச்சல் கதை, விலை வேறு. இந்தக் கதையில் டின் இன்னும் மூடியபடி மேசைமேல் இருக்கிறது. அவள் உங்கள் முகத்தைப் பார்க்கிறாள். உங்கள் வீட்டிலும் ஒரு பதினாறு வயது இருக்கும். முடிவை நீங்களே சொல்லுங்கள், கட்டுப்படியானால் எழுதிக்கொள்கிறேன்.