புல்வெளியில் நின்ற பெலிக்கன்

யுத்தத்தின் நான்காம் வருஷம், ஆடுகளுக்குக் கம்பளி கத்தரித்து முடித்த வாரத்தில், எங்கள் ஊரான யாராபினின் மேய்ச்சல் நிலத்தில் நின்ற கடற்படை வயர்லெஸ் நிலையம் உள்ளே இருந்த பெண்களோடு கடலுக்குப் போனது. கடல் எங்கள் ஊரிலிருந்து ஒரு நாள் ரயில் பயணம். வழியில் நின்ற ஆடுகள் ஒதுங்கிக்கொண்டன. இரண்டு வேலிகள் சேதம்.

இதில் வியக்க ஒன்றுமில்லை. கடற்படையின் வழக்கம் அப்படி. தகரக் கூரை போட்ட அந்த மரக் கட்டடத்துக்குப் பெலிக்கன் என்று கப்பல் பெயர் வைத்திருந்தார்கள். தரையைத் தளம் என்றே சொல்ல வேண்டும். வாசலைத் தாண்டி ஊருக்குள் வருவதற்குப் பெயர் கரைக்குப் போவது. அதற்கும் வராத படகுக்காக வரிசையில் நின்று, "படகு கிளம்பியாச்சு" என்று காவல்காரப் பெண் கத்திய பிறகே புல்லில் கால் வைக்கலாம். திரும்புவதும் அப்படித்தான், நேரம் தவறினால், வாசல் திறந்தே கிடந்தாலும் அடுத்த படகுவரை வெளியே நிற்க வேண்டும். ஒரு கட்டடத்தை வருஷக்கணக்கில் கப்பல் என்று கூப்பிட்டால், பாவம், அதுதான் என்ன செய்யும்.

பெண்கள் காலையில் ஆடுகளுக்கு நடுவே அணிவகுத்தார்கள், மண்டியிட்டுத் தளம் தேய்த்தார்கள், சாப்பாட்டு மேசையில் கரண்டியால் மோர்ஸ் தந்திக் குறி தட்டி உப்புக் கேட்டார்கள். யூனா பாஸ்கோ தூக்கத்திலும் விரலால் தட்டுவாள். பக்கத்துக் கட்டில் மேவிஸ் டன்ஸ்டன் அதைக் கேட்டு வைத்துக்கொண்டு காலையில் எல்லோருக்கும் ஒப்பிப்பாள். யூனா பால் பண்ணைக்காரி, கடலையே பார்த்ததில்லை. பசுக்களிடம் இனித் திரும்ப மாட்டேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்தவள். நிலையத் தலைவர் கமாண்டர் பேகட்டோ, ஆண்கள் நடத்தும் நிலையங்களுக்கு எட்டாத ஒரு செய்தியையாவது மாதக் கடைசிக்குள் பிடிக்காவிட்டால் பெண்கள் பிரிவைக் கலைத்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். மாதம் முடிய இன்னும் இரண்டே நாள்.

நிலையத்தின் முன்னால் வெள்ளையடித்த நங்கூரம் ஒன்று பாதி புதைந்து கிடந்தது. அழகுக்காக வைத்தது என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். அதற்குச் சுண்ணாம்பு அடிக்கப் போன யூனாவுக்கு அடிப்பக்கத்தை விட்டுவைக்க மனம் வரவில்லை. மேவிஸைக் கூப்பிட்டு, கடப்பாறையால் நெம்பி எடுத்து, வாசற்படியில் சாய்த்துவிட்டுத் தன் முறை வேலைக்கு உள்ளே போனாள். முடிவெட்டிக்கொள்ளக் கரைக்குப் போயிருந்த பேகட் திரும்பியபோது, அங்கே சதுரமாக வெளுத்த புல் மட்டும் இருந்தது.

மதியத்துக்குள் பெலிக்கன் அலைமேல் இருந்தது.

"அடியே யூனா, ஜன்னல்ல தண்ணி தெரியுதுடி" என்றாள் மேவிஸ்.

"இருந்துட்டுப் போகட்டும். சத்தம் போடாத, யாரோ கூப்பிடுறாங்க."

தாக்கப்பட்டு மூழ்கிய சரக்குக் கப்பலின் ஆட்கள், உயிர்காப்புப் படகிலிருந்து தட்டிக்கொண்டிருந்தார்கள். மலைகளைத் தாண்டி எந்த நிலையத்துக்கும் எட்டாத மெல்லிய தட்டல். யூனா பதில் தட்டத் தட்ட, கட்டடம் அந்தப் பக்கம் திரும்பியது. பொழுது சாய்வதற்குள் படகு வாசற்படியை ஒட்டி நின்றது. உப்புப் பூத்த மாலுமிகள் தடுமாறி ஏறினார்கள்.

"காலத் தொடச்சிட்டு வாங்கய்யா, தளம் இப்பத்தான் தேய்ச்சது" என்றாள் மேவிஸ். துடைத்துவிட்டே வந்தார்கள். ஆட்டுக்கறிக் குழம்பும் தேநீரும் கிடைத்ததும் அவர்களில் ஒருவர் அழுதுவிட்டார்.

மறுநாள் காலை பெலிக்கன் தன் இடத்துக்குத் திரும்பியது. கூரையில் கடற்பாசி தொங்கியது. பேகட் வேகமாக வாசலுக்கு வந்தார்.

"சார், படகத் தவற விட்டுட்டீங்க" என்றாள் யூனா, வெகு மரியாதையாக. "அடுத்தது பதினோரு மணிக்குத்தான்."

அது பேகட்டே போட்ட விதி. அவர் போய் வரிசையில் நின்றார். உள்ளே, காப்பாற்றப்பட்ட மாலுமிகள் ஜன்னலோரம் டீ குடித்தபடி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதினோரு மணிக்கு ஏறியவர் முதலில் தளத்துக்குச் சல்யூட் வைத்தார், அது வழக்கம். பிறகு யூனாவின் பக்கம் திரும்பி இன்னொன்று வைத்தார், அது வழக்கமில்லை. எங்கள் ஊருக்கே நெஞ்சு நிறைந்துவிட்டது.

பெண்கள் கடலுக்குப் போகக் கூடாது என்று அன்று சட்டம். விசாரிக்க வந்தவர்களிடம், பெண்கள் யாரும் கட்டடத்தை விட்டு வெளியே போகவில்லை என்றார் பேகட். அது உண்மைதானே. பிரிவைக் கலைக்கும் பேச்சை அதன்பின் யாரும் எடுக்கவில்லை.

கடல் எப்படி இருந்தது என்று கடைவீதியில் கேட்டோம்.

"நம்ம மேய்ச்சல் நிலம் மாதிரிதான். வேலி மட்டும் இல்ல" என்றாள் யூனா. பசுக்களிடம் அவள் திரும்பவே இல்லை. அந்தக் கட்டடத்தின் சுவர்களை ஆடுகள் இன்றும் வரிசையாக நின்று நக்குகின்றன. யாராபினில் யாரும் ஆடுகளுக்கு உப்பு வாங்குவதில்லை.