ஒரே வாளியில் நாற்பது கூடுகள்

"செப்டம்பர் 18, வியாழன். இன்றைய பிழை: இரண்டு துப்பாக்கிகளின் காலித் தோட்டாக் கூடுகளையும் ஒரே வாளியில் போட்டுக் கழுவிவிட்டேன். சின்னப் பிழைதான் என்று நினைக்கிறேன். நினைப்பது சரியா, தெரியவில்லை."

கடைசி வரியை அடித்துவிடலாமா என்று யோசித்து, துர்டிஸ் அப்படியே விட்டாள்.

மேசையில், மறுபடி மருந்தும் குண்டும் நிரப்பக் காத்திருந்த நாற்பது பித்தளைக் கூடுகள் பளபளத்தன. இருபது அவளுடையவை, இருபது கணவன் ஐவின்டுடையவை. எது யாருடையது என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். துப்பாக்கிகள் ஒரே ரகம்தான். ஆனால் சுடும்போது கூடு அந்தந்தத் துப்பாக்கியின் வயிற்றுக்கேற்ப உப்பிவிடும். குண்டைப் பிடிக்கும் கழுத்தை மட்டும் அச்சில் இறுக்கினால் பித்தளை நெடுநாள் உழைக்கும் என்று, தோட்டா செய்யக் கற்றுத்தரும் மாலை வகுப்பில் கேட்டு, அவளும் கழுத்தை மட்டுமே இறுக்கியிருந்தாள். அப்படி இறுக்கிய கூட்டுக்கு, அதைச் சுட்ட துப்பாக்கி என்ற பிறந்த வீடுதான் நிச்சயம். வேற்று வீட்டில் நுழையுமா என்று சொல்ல முடியாது.

ஐவின்டின் துப்பாக்கியில் ஒரு காலிக் கூட்டை நுழைத்தாள். துப்பாக்கியின் பூட்டு முழுதாக மூடாமல் பாதியில் நின்றது. இன்னொன்றும் அப்படியே.

அடுத்த வியாழன் மூஸ் மான் வேட்டை. இந்த வருஷம் மனைவி செய்த தோட்டாதான் என்று அவன் வேட்டைக் குழுவெங்கும் தம்பட்டம் அடித்திருந்தான். இனி நம்புவானா?

"ஐவின்ட், இங்க வா. சிரிக்கக் கூடாது."

அவன் பழுப்புப் பாலாடைக்கட்டி ரொட்டியை மென்றபடி வந்து, முழுவதும் கேட்டான். சிரித்தான்.

"என்ன டீச்சரம்மா, நோட்டுல எல்லாம் எழுதுவே, டப்பா மேல பேர் எழுதத் தெரியலயா?"

"போடா! உனக்குப் பயமா இருந்தா கடைத் தோட்டாவே வாங்கிக்கோ."

அவன் மெல்லுவதை நிறுத்தினான். போய், பூட்டிய அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து வந்தான். கடைத் தோட்டா. பிரிக்கவே இல்லை.

"போன வாரமே வாங்கிட்டேன். பயம்தான். திட்டாதே."

துர்டிஸுக்குச் சுருக்கென்றது. பிறகு சிரிப்பு வந்தது.

"நீ தப்ப மறைக்காம சொன்னியே, அதுக்கப்புறம் இது எனக்கு வேணாம். இத நீயே சுட்டுத் தீத்துடு" என்று பெட்டியை அவள் பக்கம் தள்ளினான்.

அவள் நோட்டைத் திறந்தாள்.

"நாளை: நாற்பது கூடுகளுக்கும் எண்ணெய் தடவி, இரண்டு துப்பாக்கியிலும் நுழையும்படி முழு உடலையும் இறுக்கும் அச்சில் மறுபடி அழுத்த வேண்டும். எண்ணெயைத் துடைத்து, நீளம் அளந்து, நீண்டதை வெட்ட வேண்டும். ஒவ்வொன்றையும் ஐவின்டின் துப்பாக்கியில் நுழைத்துப் பார்க்க வேண்டும். டப்பாக்களில் பெயர் எழுத வேண்டும்."