மூன்றாவது மாடியிலிருந்து தெரிந்த வளர்ச்சி

துணியைக் கட்டி முடித்ததும் அனாக்லேத்தோ தன் வேலையைத் தானே மெச்சிக்கொண்டான். எண்ணெய் விலை விழுந்த வருடத்திலிருந்து பாதியில் நிற்கிற கட்டடம் அது. மலாபோ நகரில் இப்படி எத்தனையோ உண்டு. சுதந்திர தினத்துக்கு மந்திரி இந்தத் தெரு வழியாக வருகிறார், அவர் கண்ணில் சிமென்ட் எலும்புக்கூடு படக் கூடாது என்று அதன் முகத்தை மறைக்க ஒரு பெரிய துணிப் படம். இடது கீழ்மூலையில் மீனவனின் ஓடம், வலது மேல்மூலையில் கடலில் நிற்கும் எண்ணெய்க் கோபுரம், இரண்டையும் சேர்த்து ஏறிப்போகும் சிவப்புக் கோடு. நாட்டின் வளர்ச்சி. விடியற்காலை மழையில், மூன்றாவது மாடியின் உள்ளே நின்றபடி ஒவ்வொரு முடிச்சாகப் போட்டான். கோடு ஜம்மென்று ஏறியது.

கீழே வந்து, எதிர்ச்சாரியில் நின்று, ரொட்டியைக் கடித்தபடி அண்ணாந்து பார்த்தான். தெருவுக்கு நடுவே வந்து மறுபடி பார்த்தான்.

மெல்லிய துணி, சாயம் இரண்டு பக்கமும் தெரிந்தது. அவனுக்கு முகம் காட்டிய படம் ஊருக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. தெருவிலிருந்து பார்த்தால் இடம் வலமாக மாறி, கோடு இடது மேல்மூலையில் எண்ணெய்க் கோபுரத்தில் தொடங்கி, சரிந்து சரிந்து ஓடத்தில் வந்து முடிந்தது.

ஓடினான். வாசலில் இப்போது சிப்பாய் நின்றிருந்தான். "ஏழு மணிக்கு மேல யாரும் உள்ள போகக் கூடாது."

"அண்ணே, துணியக் கட்டினதே நான்தாண்ணே."

"அப்ப கட்டியாச்சுல்ல, போ."

பத்து மணிக்கு மந்திரி. நாற்பத்தெட்டு வயதில், மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன், அனாக்லேத்தோ பயத்தில் தெருவோரத்தில் கழிப்பறை தேடினான். மனைவி ரெஸ்தித்தூதாவுக்குப் போன் போட்டு, தன்னைப் பிடித்துக்கொண்டு போவார்களா என்று கேட்டான். "சாப்பிட்டியா?" என்றாள் அவள். வாழைக்காய் பொரிக்கிற அக்காவிடம் படம் எப்படி இருக்கிறது என்று கேட்டான்.

"நல்லாத்தான் இருக்கு. கோணல்கூட இல்ல."

"கோட்டப் பாருங்கக்கா."

அவள் பார்த்தாள். சட்டியைக் கிளறினாள். "எங்க வீட்டுக்காரர் எண்ணெய்க் கம்பெனிலதான் இருந்தாரு. இப்ப மறுபடி ஓடத்துல போறாரு. வாழைக்கா வேணுமா, வேணாமா?"

ஒன்பதே முக்காலுக்கு செகுந்தினோ வந்தார். அமைச்சக அதிகாரி, படத்துக்கு உத்தரவு போட்டவர். 'எழுத்து வேணாம், படமே பேசட்டும்' என்றவரும் அவர்தான். அண்ணாந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். கைக்குட்டை எடுத்து நெற்றியைத் துடைத்தார்.

"சார், என்னைக் கூட்டிட்டுப் போயிருவாங்களா? நேராச் சொல்லுங்க சார். காலைலேருந்து கேக்கறேன், ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கறாங்க."

"காலைலேருந்து ஊரே இந்த வழியாத்தான் போகுது. ஒருத்தராவது இது தப்புன்னு சொன்னாங்களா?"

"இல்ல சார்."

"அதான்யா எனக்குப் பயமா இருக்கு." குரலைத் தாழ்த்தினார். "வருஷா வருஷம் நாட்டோட வருமானக் கணக்க எழுதறவன் நான். நெசத்துலயும் கோடு இப்படித்தான் போகுது. கூட்டிட்டுப் போவாங்க. முதல்ல என்னை, அப்புறம் உன்னை."

தெருமுனையில் சைரன் கேட்டது. காற்றில் துணி உப்பியது. ஓடம் மெல்ல ஆடி, கரைக்கு வருவது போல அவர்கள் பக்கம் சாய்ந்தது.