ஒரு பக்கம் மழித்த முகம்

நாலரை மணிக்கு அவருடைய அக்கா வருகிறாள். ஆறு வருடமாக இந்த வாசலை மிதிக்காதவள், தம்பி படுத்த படுக்கையாகிவிட்டான் என்று தெரிந்து வருகிறாள். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். தாடியோடு அவள் கண்ணில் படக்கூடாது.

"நோயாளியைப் பாக்கத்தானே வர்றாங்க? நோயாளி மாதிரி இருந்தா என்னவாம்?" என்றாள் மனைவி.

"படுத்திருக்கேன்ல? அவளுக்கு அது போதும்."

கடைசல் பட்டறையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். சவரம் என்றால் மடக்குக் கத்திதான். கை நடுங்கத் தொடங்கியபின், இரண்டு மாதமாக அவள்தான் மழித்துவிடுகிறாள். தோல்வாரில் கத்தியை நாலு முறை இழுத்துவிட்டு வேலையைத் தொடங்க அவரே கற்றுக்கொடுத்திருந்தார். ஆனால் கத்தி மழுங்கினால் சலூன்காரரிடம் கொடுத்துத் தீட்டி வாங்குவது அவர் வழக்கம். அவரைத் தனியே விட்டுவிட்டு அவளால் அவ்வளவு தூரம் போக முடியவில்லை. மூன்று வாரமாக தாடி வளர்ந்தது.

வீட்டில் கத்தி தீட்டும் வைரக்கல் ஒன்று இருந்தது. கல் என்று பேர்தானே தவிர, அது வைரத்தூள் ஒட்டிய இரும்புத் தகடு. சந்தையில் மலிவாகக் கிடைத்தது என்று அவள் தம்பி வாங்கிவந்திருந்தான். அவள் தையல்காரி. அந்தத் தகட்டில் தேய்த்த பிறகு அவளுடைய பெரிய கத்தரிக்கோல் நாலு மடிப்புத் துணியை வெண்ணெய் போல வெட்டியது. காய் வெட்டும் கத்தியும் அப்படித்தான். சவரக்கத்திக்கு மட்டும் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தாள். காலையில் அவர் கண்ணயர்ந்த நேரத்தில், கத்தரிக்கோலைத் தேய்ப்பது போலவே கத்தியின் முதுகைச் சற்றுத் தூக்கிப் பிடித்து, அழுத்தித் தேய்த்தாள். காகிதத்தை நீட்டினாள். சரக்கென்று அறுந்தது. மூன்று வாரமாக மனசில் கிடந்த பாரம் இறங்கியது போல இருந்தது.

இரண்டு மணிக்கு சோப்பு நுரை தடவி வலது கன்னத்தில் தொடங்கினாள். கத்தி வழுக்கிப் போகவில்லை, முடியைப் பிடித்துப் பிடித்து இழுத்தது. அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கண்ணோரத்தில் மட்டும் தண்ணீர் கட்டியது. தாடை முடியும் இடத்துக்கு வந்தபோது நுரைக்குள் சின்னச் சின்னதாக சிவப்புப் புள்ளிகள் தெரிந்தன. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர். எந்தப் புள்ளியும் நிற்கிற வழியாக இல்லை.

"கத்தியை எதுல தேய்ச்ச?" என்றார் மெதுவாக.

"வைரக்கல்லுலங்க."

"முதுகைத் தூக்கிப் பிடிச்சியா?"

"கத்தரிக்கோலுக்கு அப்படித்தானே பிடிப்பேன்."

"நான் என்ன துணியா?" என்றார். அவள் அழுவாளோ என்று பார்த்துவிட்டு, "நல்ல துணின்னு நினைச்சிருப்ப, போ" என்றார்.

அந்த நேரம் பார்த்து ஊரிலிருந்து வந்து சேர்ந்த அவள் தம்பி கத்தியை எடுத்துக்கொண்டு சலூனுக்கு ஓடினான். திரும்பி வரும்போது மணி மூன்றரை.

"சலூன்காரர் விளக்குக்கிட்ட வச்சுப் பாத்துட்டுச் சிரிக்கிறார்க்கா. இதுல மரம் அறுக்கலாமாம்."

"காகிதம் நல்லாத்தானே வெட்டுச்சு!"

"வெட்டுமாம். மலிவுக் கல்லுல தூள் ஒரே அளவா இருக்காதாம். அங்கங்க பெருசு பெருசா நிக்கிற பொடி கீறிக் கீறி, விளிம்பு பூரா பல்லு வச்ச மாதிரி ஆயிடுமாம். துணிக்கும் காய்க்கும் அந்தப் பல்லு நல்லதுதான், தோலுக்கு ஆகாதுன்னார். முதுகையும் விளிம்பையும் சேத்துப் படுக்கவச்சு, அழுத்தாம, வழவழன்னு இருக்கிற கல்லுல தேய்க்கணுமாம். சரி பண்ண ரெண்டு நாள் ஆகும்னு அங்கேயே வாங்கி வச்சுக்கிட்டார்."

பிறகு தயங்கியபடி சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் ரேசரை எடுத்தான். "மாமா, இது ஒரு தடவைக்குத்தான். கோவிச்சுக்காதீங்க."

அவர் அதைப் பார்க்கவில்லை. அவளுக்குத் தன் கையாலேயே சட்டென்று முடித்துவிட வேண்டும் போல இருந்தது. காலையிலும் இப்படித்தான் கேட்காமல் செய்தோம் என்று நினைத்துக்கொண்டாள்.

"மீதியை எடுத்துரட்டுமாங்க?"

"முகம் எரியுது. போதும்மா."

"அண்ணி வந்துருவாங்களே."

"இந்தப் பக்கத்தை மட்டும் பாக்கட்டும்."

அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. கட்டில் கிடந்த வாக்கில், வாசலுக்கு எதிரே இருந்தது தாடி உள்ள பக்கம். அவளும் அவள் தம்பியும் ஆளுக்கொரு முனையைப் பிடித்தார்கள். தையல் மெஷினை மூலைக்குத் தள்ளி, அவரோடு சேர்த்துக் கட்டிலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார்கள். அவளுக்கு இடுப்பு கழன்றுவிடும் போல இருந்தது. மழித்த கன்னம் வாசலுக்கு நேராக வந்ததும் அவர், "இன்னும் ஒரு விரற்கடை" என்றார். பட்டறைக்காரர் அல்லவா? நகர்த்தினார்கள்.

நாத்தனார் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டாள். மனைவி போட்டுவைத்த நாற்காலியில் உட்காரவில்லை. நேரே கட்டிலைச் சுற்றி, சுவருக்கும் கட்டிலுக்கும் இருந்த சந்தில் நுழைந்து, தாடிப் பக்கம் போய் நின்றாள். குனிந்து பார்த்தாள். எட்டி மறுபக்கத்தையும் பார்த்தாள்.

"எந்த ஆளுகிட்டடா நான் பேசணும்?" என்றாள்.

அவர் சிரித்துவிட்டார். வயிறு குலுங்க, சத்தமே வராத சிரிப்பு. சிரித்ததில் தாடையோரத்துக் கீறல் ஒன்று விட்டுக்கொண்டது. மனைவி பஞ்சை எடுத்து அழுத்தினாள்.

"யாருடி இப்படிப் பண்ணினது?"

"நான்தான் அண்ணி."

"அவன் பேசாம கிடந்தானா?"

"ஒரு வார்த்தை பேசலை."

"ஆறு வருஷமா எங்கிட்டயும் அதைத்தான் பண்ணினான்" என்று நாத்தனார் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, அவருடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். ரத்தம் நிற்க வெகுநேரம் ஆயிற்று. கை மரத்துப்போன பிறகும் மனைவி பஞ்சை எடுக்கவில்லை.