பனிக்குடத்துச் சவ்வு

"ஏலே ரசீத், ஒனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு? நம்ம பிள்ளைகூட வந்த நஞ்சுக்கொடிய ஊரான் வாய்க்குள்ள ஒட்டவா குடுக்கச் சொல்லுத?"

"மண்ணுக்குள்ள போறதுதான உம்மா. மேல உள்ள சவ்வை மட்டுந்தான் கேக்காக. மிச்சத்த நாம கொண்டுபோயி அடக்குவோம்."

"அதுவும் பிள்ளை உடம்புல உள்ளதுதாம்லே. முழுசா அடக்கணும்."

பிரசவ வார்டு வாசல்ல ஆசியா உம்மாளும் மகனும் மல்லுக்கட்டுனத தூணுக்கு இந்தப் பக்கம் நின்னு ராஜராஜேஸ்வரி கேட்டுக்கிட்டிருந்தா. அந்தச் சவ்வைக் கேட்டு வந்தவளே அவதான். காலையில ரசீத் கால்ல விழாத குறையா கெஞ்சியிருந்தா.

அது தொண்ணூத்தி நாலாம் வருசம். அவ வீட்டுக்காரர் சிவசண்முகம், பத்திர ஆபீஸ் குமாஸ்தா. இருபது வருசமா பாக்கும் புகையிலையும் மென்னு மென்னு கன்னத்து உள்சதை பலகையா இறுகிப்போச்சு. போன வருசம் டாக்டர் அறுத்து விட்டாரு. மூணே மாசத்துல புண்ணு ஆறுன வாக்குல சுருங்கி, வாய் பழையபடி பூட்டிக்கிச்சு. இப்ப பல்லுக்கு நடுவுல ஒரு வெரல் நுழையாது. கஞ்சித்தண்ணிய உறிஞ்சித்தான் உசுரு ஓடுது.

இன்னைக்கு மறுபடி அறுக்காங்க. அறுத்த எடத்துல பனிக்குடத்துச் சவ்வை விரிச்சுத் தைச்சா சுருங்காம ஆறலாம், இன்னொரு தடவ அறுக்க சதை கெடையாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஆனா பிள்ளை பெத்த வீட்டுக்காரங்க சம்மதிக்கணும். ரசீத் பொண்டாட்டி முஃபீதாவுக்கு ரத்தம் சோதிச்சதுல ஒரு குறையும் இல்ல. இதுக்கு முன்ன கேட்ட நாலு வீட்டுலயும் முடியாதுன்னுட்டாங்க.

ஆசியா உம்மா நஞ்சுக்கொடிய வச்சு மூடி போட்ட மண்சட்டியோட நேரா ராஜராஜேஸ்வரி முன்னால வந்து நின்னா. மொகத்துல கோவமில்ல. பைய கேட்டா: "ஏம்மா, ஒன் மக பெத்திருந்தா நீ குடுப்பியா?"

குடுப்பேன்னு ஒத்த வார்த்தை. நாக்கு நுனிவரைக்கும் வந்துட்டு. ஆனா ரெண்டு வருசம் முன்ன மக சித்ரலேகா பெத்தப்ப, நஞ்சுக்கொடிய நாய் தோண்டிரக்கூடாதுன்னு இடுப்பாழத்துக்குக் குழி வெட்டச் சொல்லி, மூடுறவரைக்கும் நின்னு பாத்தவ அவ.

"குடுத்திருக்க மாட்டேன்க்கா. இருந்தாலும் கேக்குதேன்."

ஆசியா உம்மா சட்டிய துப்பட்டிக்குள்ள மறைச்சுக்கிட்டு படியிறங்கிப் போயிட்டா. ரசீத் தலையைக் குனிஞ்சுக்கிட்டே பின்னால போனான்.

அங்கன அவ வீட்டுக்காரரை ஆப்பரேசனுக்கு ஸ்ட்ரெச்சர்ல ஏத்திட்டாங்க. சவ்வு கெடைச்சுதான்னு கண்ணாலேயே கேக்காரு. இவ அவரு காலைப் புடிச்சுக்கிட்டு நிக்கா.

குடுப்பேன்னு அந்த ஒரு பொய்ய அவ ஆசியா உம்மாட்ட சொல்லிருக்கணுமா? ஒங்க வீட்டு வாசல்ல வந்து ஒருத்தி கேட்டா நீங்க குடுப்பீங்களா? படிச்சுட்டு அப்படியே போயிராதீங்க, மனசுல பட்டதை ரெண்டு வரி பதில் எழுதுங்க.