பிரேக் போட்டால் நடுங்கும் மாப்பிள்ளை

ஜெபக்குமாரைப் பெண் பார்க்க வரச்சொல்லிவிட்டு, பிறகு வேண்டாம் என்று சொன்ன வீடுகள் ஐந்து. ஐந்திலும் ஒரே கதைதான். பஜ்ஜி வரும், காப்பி வரும், பெண் வரும். பெரியவர்கள் சிரித்துச் சிரித்துப் பேசுவார்கள். வாசல்வரை வந்து கையசைத்து அனுப்புவார்கள். மறுநாள் காலையில், “ஜெபம் பண்ணிப் பாத்தோம், கர்த்தர் வழி திறக்கல” என்று போன் வரும். ஐந்து ஊர்களில் இருந்த ஐந்து வீடுகளுக்கும் கர்த்தர் ஒரு சொல் மாறாமல் அதே வாக்கியத்தையே அருளியிருந்தார்.

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி மொத்த வியாபாரம் ஜெபக்குமாருக்கு. தன்னையும் ஒரு சரக்காக வைத்து நடுநிலையோடு அவன் எடைபோட்டுப் பார்த்தான். வயது முப்பத்து மூன்று, பரவாயில்லை. தலைமுடி கையிருப்பில் இருக்கிறது. சொந்தக் கடை, சொந்தக் கார், ஞாயிறு தவறாமல் கோயில் ஆராதனை. ஒரே பேல் துணி ஐந்து முறை திரும்பி வருகிறதென்றால், கோளாறு வாங்குகிறவனிடம் இல்லை. பேலைப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

பிரித்துப் பார்த்தவள் அவனுடைய அத்தை ஞானபாக்கியம். அவன் கல்யாணப் பேச்சை எல்லாம் முன்நின்று நடத்துகிறவள் அவள்தான். கடைசியாகப் பார்த்த சாத்தூர்ப் பெண் வீட்டுக்கு வேண்டியவர்களிடம் பேச்சுக்கொடுத்து, விஷயத்தைக் கறந்துகொண்டு, நேரே கடைக்கு வந்து நின்றாள்.

“ஏலே ஜெபா, நீ குடிக்கியாமே?”

“நானா? பன்னீர் சோடாவத் தாண்டுனது இல்லையே அத்தை!”

“காரு ஓட்டும்போது உன் கை கிடுகிடுன்னு நடுங்குதாம். பொண்ணோட அப்பா பக்கத்துல உக்காந்து கண்ணால பாத்திருக்காவ. ‘இந்த வயசுலயே இம்புட்டு நடுக்கம்னா, பய எம்புட்டு வருசமா ஊத்துதானோ’ன்னு அவியளே கணக்குப் போட்டுக்கிட்டாவ.”

அப்போதுதான் ஜெபக்குமாருக்கு உறைத்தது. பெண் பார்க்கப் போகிற இடத்தில் காப்பி முடிந்ததும், “வாங்களேன், நம்ம வண்டியில ஒரு ரவுண்டு போயிட்டு வருவோம்” என்று பெண்ணின் அப்பாவை அழைத்துப் போவது அவன் வழக்கம். துணியை விரித்துக் காட்டாமல் விற்கிறவன் அவன் இல்லை. மாப்பிள்ளையையும் ஓட்டிக் காட்ட வேண்டும் என்பது அவன் கொள்கை. சில மாதங்களாக அந்தக் காரில் பிரேக்கை மிதித்தால் ஸ்டியரிங் நடுங்கியது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கை அதோடு சேர்ந்து நடுங்கியது. கூடவே அவன் மானமும்.

உடனே மெக்கானிக் வேல்பாண்டியிடம் வண்டியை விட்டான். வேல்பாண்டி வீல் பேலன்சிங் பார்த்தான், அலைன்மெண்ட் பார்த்தான், முன் டயரைப் பின்னாலும் பின் டயரை முன்னாலும் மாற்றினான். பிறகு சேத்தூர்வரை ஓட்டிப்போய்த் திரும்பி வந்தான்.

“பிரேக்க மிதிச்சுப் பாத்தியா?”

“மிதி மிதின்னு மிதிச்சாச்சு. எனக்கு ஒரு நடுக்கமும் தெரியலியே அண்ணாச்சி. வண்டி கல்லு மாதிரி நிக்கு.”

வேல்பாண்டி சாவியைத் திருப்பி நீட்டினான். நீட்டிய கையில் சாவிக்கொத்து சலங்கைபோலக் குலுங்கிற்று. நேற்று மாலை வேல்பாண்டி உண்மையாகவே ஊற்றியிருந்தான், முந்தாநாளும் ஊற்றியிருந்தான். அவன் கைக்கு வண்டியின் நடுக்கம் ஒரு பொருட்டாகத் தெரிய நியாயமில்லை. பில்லை வாங்கிக்கொண்டு ஜெபக்குமார் வெளியே வந்தான்.

அடுத்துப் பார்க்கவேண்டிய இடம் ஸ்ரீவில்லிபுத்தூர். பெண் எலினா. அவள் அப்பா சத்தியநேசன் பால்கோவாக் கடை வைத்திருந்தார். அதோடு சபையின் மதுவிலக்குச் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். தெருமுனையில் ஒருவன் திரும்பும்போதே அவன் எத்தனை கிளாஸ் என்று சொல்லிவிடக்கூடியவர் என்று ஊரில் பேர்.

“வேற இடம் பாப்போமா?” என்றாள் அத்தை.

“வேண்டாம்” என்றான் ஜெபக்குமார். அவனுக்கு வேறு இடம் வேண்டாம் என்பதற்குக் காரணம் இருந்தது. கிறிஸ்துமஸுக்கு அந்தக் கடையில் பால்கோவா வாங்கப் போனபோது கல்லாவில் எலினாதான் இருந்தாள். ருசி பார்க்க ஒரு துண்டு கேட்டான், கொடுத்தாள். இன்னொன்று கேட்டான். “ருசி பாக்கது ஒரு தடவதான். ரெண்டாவது கேட்டா அதுக்குப் பேரு சாப்பாடு” என்று டப்பாவை மூடினாள். வாழ்நாளெல்லாம் பேரம் பேசி வளர்ந்த ஜெபக்குமார் சொன்ன விலைக்கே ஒரு கிலோ வாங்கி வந்தது அன்றைக்குத்தான். அன்றிலிருந்து அந்த முகம் மனதைவிட்டுப் போகவில்லை.

ஆகவே ஒரு திட்டம் போட்டான். பிரேக் போட்டால்தானே நடுங்கும்? பிரேக்கே போடாமல் ஓட்டிவிடுவது.

பெண் பார்க்கும் நாள் வந்தது. அத்தையோடு கிளம்பினான். வழக்கம்போல ஊர் எல்லைக்கு முன்னால், மம்சாபுரம் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் வண்டியை நிறுத்தி, பம்புசெட் தண்ணீரை வாளி வாளியாக அடித்துக் கழுவினான். எந்த ஊருக்குப் பெண் பார்க்கப் போனாலும் இதை அவன் தவறவிட்டதில்லை. வெயிலில் ஓடி வந்த சக்கரத்தில் தண்ணீர் பட்டதும் ‘சொய்ங்’ என்று ஆவி கிளம்பும். அழுக்கு பயந்து ஓடுகிறது என்று அவனுக்கு ஒரு சந்தோஷம்.

வீட்டில் எல்லாம் நன்றாக நடந்தது. கேசரி வந்தது, எலினா வந்தாள். சத்தியநேசன் தம்ளரின் விளிம்பைத் தொட்டு நிற்கிற மாதிரி காப்பியை ஊற்றி, தன் கையாலேயே நீட்டினார். அது காப்பி இல்லை, பரீட்சை என்று ஜெபக்குமாருக்குத் தெரியும். ஒரு சொட்டு சிந்தாமல் வாங்கிக் குடித்தான். செயலாளர் முகம் மலர்ந்தது.

“சரி தம்பி, நம்ம கடையையும் அடுப்பையும் ஒரு எட்டு பாத்துட்டு வருவோம். உங்க வண்டியிலயே போவோம்” என்றார்.

முன்னால் அவர் உட்கார்ந்தார். பின்னால் எலினாவும் அத்தையும். ஜெபக்குமார் ஆண்டவரை நினைத்துக்கொண்டு இரண்டாவது கியரைப் போட்டான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதியில் பிரேக் போடாமல் கார் ஓட்டுவது என்பது, கடன் கேட்காத சொந்தக்காரரைத் தேடுவதற்குச் சமம். முதலில் ஒரு மாடு வந்தது. அதை ஒடித்துச் சுற்றினான். ஷேர் ஆட்டோ ஒன்று நட்டநடுவில் நின்று ஆளை ஏற்றியது. ஹாரனை அழுத்தியபடி, கியரைக் குறைத்து, ஒரு பூக்கடையின் கூடைக்கும் ஆட்டோவுக்கும் நடுவே பேண்டேஜ் துணியை மடிப்பதுபோல வண்டியை மடித்து நுழைத்தான். வேகத்தடையில் எல்லோரும் ஒருமுறை கூரையைத் தொட்டு வந்தார்கள்.

“தம்பி, பிரேக்கு வேலை செய்யும்லா?” என்று சத்தியநேசன் மெல்லக் கேட்டார்.

“அருமையா வேலை செய்யும் அண்ணாச்சி. மிதிச்சா தேஞ்சிரும்லா, அதான். ஒரு சிக்கனம்.”

வருங்கால மாமனாரை அண்ணாச்சி என்றதற்கு அத்தை பின்னாலிருந்து அவன் விலாவில் கிள்ளினாள். ஆனால் சிக்கனம் என்ற சொல் செயலாளருக்குப் பிடித்துப்போனது. “வாலிபத்துல இந்த எண்ணம் வரணுமே” என்று தலையாட்டினார். அவர் தலையாட்டி முடிக்கவில்லை, சந்திலிருந்து ஒரு டவுன் பஸ் ரிவர்ஸில் வந்தது.

ஜெபக்குமார் மிதித்தான்.

ஸ்டியரிங் தடதடவென்று உதறியது. கை உதறியது, தோள் உதறியது, கைக்கடிகாரம் மணிக்கட்டில் ஓடியாடியது. பஸ்ஸுக்கு ஒரு சாண் முன்னால் கார் நின்றது. எல்லாம் அடங்கிய பிறகு சத்தியநேசன் மெதுவாக அவன் பக்கம் திரும்பினார். பெரிய கோயிலில் பிரசங்கம் தொடங்கப்போகிறவர்போல மூச்சை இழுத்துவிட்டார்.

“வாயை ஊதுங்க தம்பி.”

“ஐயோ அண்ணாச்சி...”

“ஊதுங்க.”

ஊதினான். “ஏலக்கா வாசனை. போட்டு மறைச்சிருக்கீய” என்றார் செயலாளர்.

“உங்க வீட்டுக் கேசரி அது!” என்றாள் அத்தை.

ஜெபக்குமாருக்கு ஆறாவது போன் இப்போதே காதில் மணியடித்தது. அப்போது பின்னாலிருந்து எலினா பேசினாள். “அப்பா, வீட்டுல விளிம்பு வர காப்பி ஊத்திக் குடுத்தியளே, ஒரு சொட்டு சிந்துச்சா? குடிகாரன் கை பிரேக்க மிதிச்சா மட்டும் நடுங்குமா? நீங்க எறங்கி இந்தப் பக்கம் வந்து ஓட்டுங்க.”

“நான் எதுக்குட்டி ஓட்டணும்?”

“ஓட்டுங்கப்பா. சங்கத்துச் செயலாளர் கைய விட சுத்தமான கை ஊர்ல உண்டா?”

அதற்குமேல் அவரால் மறுக்க முடியவில்லை. இடம் மாறினார்கள். பஸ் விலகியதும் சத்தியநேசன் வண்டியை எடுத்து, ஆள் இல்லாத நீளத்தில் சற்று வேகம் பிடித்து, கோயிலுக்கு எதிரே இருந்த டீக்கடைப் பக்கம் போய்ப் பிரேக்கைப் போட்டார். நடுங்கினார். அவருடைய மோதிரம் ஸ்டியரிங்கில் டகடகவென்று தாளம் போட்டது.

கெட்ட நேரம், டீக்கடையில் நின்றிருந்தவர் எபனேசர், மதுவிலக்குச் சங்கத்தின் தலைவர். உதட்டுக்குப் போன டீ கிளாஸ் பாதியில் நின்றது.

“செயலாளரே” என்றார், “என்னவே இது?”

“வண்டி! வண்டிதான்வே!” என்று கத்திக்கொண்டே சத்தியநேசன் இறங்கினார்.

“மாட்டுன எல்லாரும் இப்படித்தான் எதையாச்சும் ஒண்ணச் சொல்லுதாக. நீருதான் போன கூட்டத்துல சொன்னீரு, சாக்குச் சொல்லுதவன நம்பக்கூடாதுன்னு.”

இதுவரை மாப்பிள்ளை குடிகாரனா என்பது கேள்வி. இப்போது மாப்பிள்ளை குடிகாரன் என்றால் மாமனாரும் குடிகாரர். சத்தியநேசன் எபனேசரின் கையைப் பிடித்து இழுத்து ஓட்டுநர் இருக்கையில் திணித்தார். எபனேசர் தெருக்கோடிவரை போய், பிரேக் போட்டு, அங்கேயே கொஞ்ச நேரம் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பி வந்தார். மீதி டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

“கைய விடுங்க, இனி வண்டியப் பாப்போம்” என்றாள் எலினா. கடையின் பால் வண்டியை ஓட்டுகிறவள் அவள்தான். தானே ஸ்டியரிங்கில் உட்கார்ந்து, ஜெபக்குமாரைப் பக்கத்தில் ஏறச்சொன்னாள். காலியான தெருவில் மெதுவாகப் போகும்போது கால்பிரேக்கைத் தொடாமல் ஹேண்ட்பிரேக்கை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தாள். வண்டி ஆடாமல் அசையாமல் நின்றது. பிறகு கால்பிரேக். தடதட.

“ஹேண்ட்பிரேக்கு பின் சக்கரத்த மட்டுந்தான் பிடிக்கும். அப்ப நடுங்கல. கோளாறு முன் சக்கரத்துல, பிரேக்கு கவ்வுத டிஸ்க்குத் தட்டுல.” இறங்கிப்போய்ச் சக்கரத்தின் முன்னால் குந்தினாள். “சக்கரம் என்ன இப்படிப் பளபளன்னு இருக்கு? எங்க வச்சுக் கழுவுனிய?”

“மம்சாபுரம் பக்கம். பொண்ணு பாக்கப் போம்போதெல்லாம் ஊருக்குள்ள நுழையுததுக்கு முன்னால கழுவிருவேன்.”

“ஓடி வந்த சூட்டோடயா?”

“சூட்டோட ஊத்துனாத்தான் அழுக்கு சட்டுனு விடும்” என்றான் ஜெபக்குமார் பெருமையோடு.

எலினா தரையிலேயே உட்கார்ந்து சிரித்தாள். எழுந்து, தெருவில் நாலு எட்டுத் தள்ளியிருந்த தங்கள் கடையின் அடுப்படிக்கு அவனைக் கூட்டிப்போனாள். புளிய விறகு எரிய, அகலமான இரும்புச் சட்டிகளில் பால் சுண்டிக்கொண்டிருந்தது. மூலையில் ஒரு சட்டியைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அதை நிமிர்த்தித் தரையில் வைத்து விரலால் தொட்டாள். சட்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஆடியது.

“அடுப்புல இருந்து எறக்குன சூட்டுல எவனோ ஒருத்தன் பச்சத் தண்ணிய ஊத்திட்டான். அன்னைல இருந்து இது நெளிஞ்சு போய் ஆடுது. உங்க டிஸ்க்கும் இதே கதைதான். ஒவ்வொரு பொண்ணு வீட்டுக்கும் முன்னால நின்னு நீங்களே ஊத்தியிருக்கீய.”

ஜெபக்குமார் ஆடுகிற சட்டியைப் பார்த்தான். முதல் வீட்டுக்கு முன்னால் ஒரு வாளி. அது வேண்டாம் என்றதும் இரண்டாவது வீட்டுக்கு இன்னும் பளபளப்பாகப் போகவேண்டும் என்று இரண்டு வாளி. சாத்தூருக்கு ஹோஸ் பைப்பே போட்டு அடித்தான். நிராகரிக்க நிராகரிக்கக் கழுவினான், கழுவக் கழுவ நடுங்கிற்று, நடுங்க நடுங்க நிராகரித்தார்கள். இப்படி ஒரு நஷ்ட வியாபாரத்தைத் தன் குலத்தில் யாரும் நடத்தியதில்லை என்று அவனுக்குத் தோன்றியது.

“குடிக்க மாட்டீயளே?” என்று எலினா நேராகக் கேட்டாள்.

“பன்னீர் சோடா.”

“எனக்குச் சம்மதம். ஒரே ஒரு கண்டிஷன். இனிமே எங்க வீட்டுக்கு அழுக்கு வண்டியோடதான் வரணும்.”

ஜெபக்குமாருக்குப் பழக்கதோஷம். “கண்ணாடிய மட்டும் துடைச்சுக்கிடட்டுமா?” என்று பேரம் பேசினான்.

“துணிய வச்சு. தண்ணி படக்கூடாது.”

முடிந்தது. அத்தை அங்கேயே தேதி குறிக்கச் சொன்னாள். ஆனால் சத்தியநேசன் தனியே ஜெபக்குமாரின் தோளைப் பற்றி ஓரமாக அழைத்துப்போய், குரலைத் தாழ்த்தினார்.

“மாப்பிள்ள, டிஸ்க்க இப்ப மாத்திராதீய.”

“ஏன் மாமா?”

“சாட்சி அழிஞ்சிரும்லா! எபனேசரு பாத்துட்டான், டீக்கடைக்காரன் பாத்துட்டான். ஞாயித்துக்கிழமை ஆராதனை முடியவும் வண்டியோட வாங்க. சங்கத்துல இருக்க ஒவ்வொருத்தனையும் ஓட்டவச்சுட்டுத்தான் மறுவேல.”

அப்படியே நடந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை சங்கத்தின் உறுப்பினர்கள் ஒவ்வொருவராக ஏறி, தெருக்கோடிவரை போய், கை நடுங்கித் திரும்பினார்கள். ஆராதனை நடத்திய ஐயரவர்களும் அங்கியோடு ஒரு ரவுண்டு போனார். “எனக்கு ஒரு நடுக்கமும் தெரியலியே” என்று திரும்பியவர் ஒருவர் மட்டுந்தான். அவர்மேல் இன்றுவரை சங்கத்துக்குச் சந்தேகம் இருக்கிறது.

செய்தி சாத்தூர்வரை போய்ச் சேர்ந்தது. நிச்சயதார்த்தத்துக்கு முதல் நாள், அத்தையும் ஜெபக்குமாரும் புது டிஸ்க் போட்ட காரில் ஜவுளி எடுக்கப் போய்க்கொண்டிருந்தபோது அந்த வீட்டிலிருந்து போன் வந்தது. அத்தை ஸ்பீக்கரில் போட்டாள்.

“மறுபடியும் ஜெபம் பண்ணிப் பாத்தோம்” என்றது சாத்தூர். “கர்த்தர் இப்ப வழி திறந்திருக்காரு.”

ஜெபக்குமார் பிரேக்கை மிதித்து வண்டியை ஓரமாக நிறுத்தினான். ஸ்டியரிங்கில் கை கல்லாக இருந்தது. அதை ஒருமுறை ஆசையோடு பார்த்துக்கொண்டான்.

“சரக்கு வித்துப் போச்சுன்னு சொல்லுங்க அத்தை” என்றான்.