குளவிப் பாட்டு

கண்டியில் ஹெவி மெட்டல் பாட்டுப் பண்ண முதலில் தேவைப்படுவது கிட்டார் இல்லை, முட்டை அட்டை. பஹ்மி கட்டுகஸ்தோட்டையில் இருந்த பேக்கரிகளையெல்லாம் சுற்றி, கெஞ்சிக் கூத்தாடி நூற்றெண்பது அட்டை சேர்த்தான். வாப்பாவின் ஹார்ட்வெயார் கடைக்கு மேலே, பெயின்ட் டின் அடுக்கியிருந்த அறையின் சுவர் முழுக்க அவற்றை ஒட்டினான். இனிச் சத்தம் வெளியே போகாது என்று மார்தட்டினான். போகாமலா? முதல் நாளே கீழே ஆணி வாங்க வந்த மனிதர், மேலே யாரையாவது போட்டு அடிக்கிறார்களா என்று கேட்டுவிட்டுப் போனார்.

அந்த அறையில் மூன்று பேர். கிட்டார் பஹ்மி. டிரம் அவனுடைய மச்சான் அர்கம். பாங்கு கேட்டதும் பாதிப் பாட்டென்றாலும் குச்சியைக் கீழே வைத்துவிடுவான். பாடுவது கிருஷாந்தி. கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்தவள். இருபத்துநாலு வயது, கண்டி டவுனில் ஒரு போன் கடையில் வேலை. கடையில் பார்த்தால் வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவள் மாதிரி இருப்பாள். மைக்கைப் பிடித்துவிட்டால் அடிவயிற்றிலிருந்து ஓர் உறுமல் கிளம்பும். அதை முதல் தடவை கேட்டபோது, தேத்தண்ணித் தட்டோடு படியேறி வந்த பஹ்மியின் உம்மா பாதிப் படியிலேயே திரும்பி இறங்கிவிட்டார்.

இரண்டு வருடம் ஞாயிற்றுக்கிழமைதோறும் கூடினார்கள். பாட்டுகள் வந்தன, ஒன்றும் உருப்படவில்லை. அப்படியிருக்கும்போது, ஒரு மாசி மாதத்தில், கிருஷாந்தியின் அப்பா செத்துப்போனார்.

கவ்வாத்து வெட்டப் போன இடத்தில் குளவி கொட்டியது. தேயிலைச் செடிக்குள் கூடு இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. பகல் இரண்டு மணி. பக்கத்து மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த அம்மா சுந்தரி ஓடிவந்து பார்த்தபோது, முகம் வீங்கிக் கண் மூடியிருந்தது. ஆனால் நினைவு இருந்தது. தோட்டத்து லொறி கொழுந்து ஏற்றிக்கொண்டு எங்கோ போயிருந்தது. அப்பாவின் தம்பி கணபதி கலஹா டவுனில் ஆட்டோ ஓட்டுகிறவர். சுந்தரி அவருக்கு மூன்று தரம் போன் அடித்தாள். எடுக்கவில்லை. பிறகு லொறியைத் தேடி ரோட்டுக்கு ஓடினாள். லொறி வந்து, ஏற்றி, ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்டும்போது அப்பா இல்லை.

கணபதி அந்த நேரத்தில் ஒரு கல்யாண ஹயர் ஓடிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை வீட்டுக்காரர்களை ஹிந்தகல பக்கம் ஏற்றிப் போயிருந்தார். அவ்வளவுதான் விஷயம்.

மறுநாள் அம்மா பிணத்தின் மேல் விழுந்து ஒப்பாரி வைத்தாள். கிருஷாந்தி சுவரோரம் உட்கார்ந்து போனில் பதிவுசெய்தாள். ஏன் பதிவுசெய்தாய் என்று அன்றைக்குக் கேட்டிருந்தால் அவளுக்கே பதில் தெரியாது. அழுகை வரவில்லை, கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது.

“கொளவி கொட்டி நீ கெடக்க
கூப்புட்டேனே மூணு தரம்
கூடப் பொறந்த பொறப்புக்கு
வண்டி உண்டு மனசு இல்லியே”

சுந்தரி இதைப் பாடும்போது கணபதி வாசலில்தான் நின்றார். லயத்துச் சனமெல்லாம் தரையைப் பார்த்தது. அவர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். கிருஷாந்தி அதையும் பார்த்தாள். நல்லா அழு என்று நினைத்தாள்.

கடையில் மூன்று நாள்தான் லீவு கொடுத்தார்கள். பதினாறாம் நாள் கருமாதிக்குப் போக முடியவில்லை. அது அவ்வளவு பெரிய விஷயமாக அவளுக்கு அப்போது தெரியவில்லை.

இரண்டு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பஹ்மி ஒரு புதிய மெட்டை வாசித்துக்காட்டினான். கனத்து, இழுத்து, திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் வந்து முட்டுகிற மெட்டு. கேட்டுக்கொண்டிருந்த கிருஷாந்தி போனை எடுத்து ஒப்பாரியை ஓடவிட்டாள். இரண்டும் ஒன்றுக்கொன்று சொல்லிவைத்த மாதிரிப் பொருந்தின. அர்கமுக்குக் கை மயிர் எழுந்து நின்றது. பஹ்மி கிட்டாரை மடியில் கிடத்திவிட்டு அவளைப் பார்த்தான்.

“இது ஒன்ட உம்மாட குரல்தானே?”

“ஆமா.”

“அவங்ககிட்ட கேட்டியா?”

“கேட்டேன். சரின்னாங்க.”

பச்சைப் பொய். அம்மாவிடம் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த நாலு வரியையும் எதற்குப் போடுகிறாய் என்று அர்கம் கேட்டபோது, சத்தம் நல்லா இருக்கிறது என்றாள். அதுவும் பொய். சித்தப்பா செய்ததை ஊர் உலகம் கேட்க வேண்டும் என்ற வெறி அவளுக்குள் இருந்தது. அப்பாவுக்காக வேறென்ன செய்ய அவளிடம் இருந்தது? உறுமத் தெரியும், அவ்வளவுதான்.

நாலு ஞாயிறு வேலை செய்தார்கள். ஒப்பாரி முடிகிற இடத்தில் ஒரு மூச்சு நேரம் எல்லாம் நின்று, பிறகு கிருஷாந்தி ‘மூணு தரம், மூணு தரம்’ என்று உறுமிக்கொண்டு வருவாள். அதை ஒரே தடவையில் பாடி முடித்தாள். பாடிவிட்டு வெளியே போய்ப் படியில் உட்கார்ந்து, அப்பா செத்தபிறகு முதல் தடவையாக அழுதாள். பாட்டுக்குக் ‘குளவி’ என்று பெயர் வைத்து ஆனி மாதத்தில் யூடியூப்பில் போட்டார்கள்.

முதல் மாதம் நானூறு பேர் பார்த்தார்கள். அதில் பாதி பஹ்மியின் சொந்தக்காரர்கள். “பேய் ஓட்டுற பாட்டா தம்பி?” என்று ஒரு மாமி கேட்டிருந்தார். பிறகு யாரோ ஒருவர் ஒப்பாரியும் உறுமலும் சேரும் அந்த முப்பது செக்கனை மட்டும் வெட்டி டிக்டொக்கில் போட்டார். அதற்கப்புறம் பிடித்து நிறுத்த முடியவில்லை. பத்து நாளில் மூன்று லட்சம். எந்த நாட்டுக்காரர்களோ என்னென்னவோ பாஷையில் கண்ணீர்ப் பொம்மை போட்டார்கள். கொழும்பில் மார்கழியில் நடக்கும் ஒரு கச்சேரிக்கு அழைப்பு வந்தது. போன் கடைக்கு வந்த பிள்ளைகள் கிருஷாந்தியோடு படம் பிடித்துக்கொண்டார்கள். முதலாளிகூட முதல் தடவையாக அவளை ‘நங்கி’ என்று தங்கச்சி முறை சொல்லிக் கூப்பிட்டார்.

அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. உண்மையைச் சொன்னால், சந்தோஷமாகத்தான் இருந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அம்மா கடை வாசலில் வந்து நின்றாள். வேலைநாளில், நல்ல சேலை கட்டிக்கொண்டு, பஸ் ஏறி வந்திருந்தாள். கிருஷாந்தி அவளை வாவிக்கரைக்குக் கூட்டிப்போனாள். பெஞ்சில் உட்கார்ந்ததும் அம்மா கேட்டது ஒன்றுதான்.

“ஏன் புள்ள இப்பிடி செஞ்ச?”

“என்னாம்மா?”

“பஸ்ஸுல கேட்டேன். பேராதனை வரைக்கும் அதத்தான் திருப்பித் திருப்பிப் போட்டான். ஏங் கொரலு. பக்கத்துல இருந்த பொம்பள, யாரு பெத்த புள்ளையோ இப்பிடிக் கதறுதுன்னு ஏங்கிட்டயே சொல்லுது.”

அம்மா சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“ஒங்க சித்தப்பா ஸ்டான்டுக்கு வந்தா போதும், மத்த ஆட்டோக்காரனுக பாட்டப் போட்டுட்டு மூணு தரம் மூணு தரம்னு கையக் காட்டுறானுக. இப்ப ரெண்டு வாரமா வண்டிய எடுக்கல. கதவச் சாத்திக்கிட்டு உள்ளயே கெடக்குறாரு.”

“நீங்கதானேம்மா பாடுனீங்க? நான் இல்லாததையா போட்டேன்?”

சுந்தரி மகளைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குக் கோபம்கூட இல்லை, அலுப்புத்தான் இருந்தது.

“ஒப்பாரில ஆயிரம் சொல்லுவோம். செத்தவங்கள குழியில வைக்கிறப்ப அதையும் சேத்துத்தான் வைக்கிறது. யாரைச் சொல்லி அழுதோமோ அவங்களுக்கு கருமாதி அன்னைக்கு நம்மளே மொத எலை போடணும். நம்ம தோட்டத்துல அதான் வழக்கம். போட்டேன். சோத்தப் பெசஞ்சிக்கிட்டே அழுதாரு. அப்பறமும் சாப்பிட்டாரு. அதோட முடிஞ்சிச்சு புள்ள. நீ அன்னைக்கு வரல.”

வாவியில் யாரோ மீனுக்குப் பொரி போட்டுக்கொண்டிருந்தார்கள். கிருஷாந்திக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஊரே முடித்துவைத்ததை அவள் தெரியாமல் தோண்டி எடுத்து, தெருத்தெருவாகக் கொண்டுபோயிருக்கிறாள். தெரியாமல் என்றுகூடச் சொல்ல முடியாது. அவர் நோக வேண்டும் என்றுதானே செய்தாள்? நொந்துவிட்டார்.

அன்று மாலையே பஹ்மியிடம் போய்ப் பாட்டை எடுத்துவிடச் சொன்னாள்.

“பைத்தியமா? மார்கழியில கொழும்பு ஈக்கு. ரெண்டு வருஷப் பாடு கிருஷா.”

“அம்மாகிட்ட நான் கேக்கல பஹ்மி.”

அவன் சுவரில் இருந்த முட்டை அட்டையைப் பார்த்தான். “கேட்டேன்டு சென்னியே,” என்றான். மறுபடியும் அதையே சொன்னான். பிறகு கம்ப்யூட்டரைத் திறந்து, அவள் கண்முன்னாலேயே பாட்டை அழித்தான். மூன்று லட்சத்து நாற்பதாயிரம் பேர் பார்த்த பாட்டு ஒரு தட்டில் போயிற்று. அதற்கப்புறம் பல மாதம் அவன் அவளோடு பேசவில்லை. கொழும்புக்காரர்கள் வேறு குழுவைப் போட்டுக்கொண்டார்கள்.

அழித்து என்ன? ஆளாளுக்கு இறக்கி வைத்திருந்தார்கள். கலஹா பஸ்ஸில் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. அழித்துவிட்டார்களாமே என்ற செய்தி பரவி, இன்னும் கொஞ்சம் அதிகமாக ஓடியது.

மாசியில் அப்பாவுக்கு வருஷத் திதி வந்தது. இந்தத் தடவை கிருஷாந்தி ஐந்து நாள் லீவு கேட்டாள். முதலாளி முறைத்தார். வேலையை விட்டுவிடுகிறேன் என்றதும் கொடுத்தார். திதி அன்று சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி எல்லாம் அவளே ஆக்கினாள். எல்லோரும் வந்தார்கள், கணபதி வரவில்லை. சுந்தரி இரண்டு தரம் ஆள் அனுப்பிப் பார்த்தாள்.

“மொத எலைய நான் கொண்டுபோறேம்மா,” என்றாள் கிருஷாந்தி.

வாளியில் சோற்றையும் கறியையும் எடுத்துக்கொண்டு, இலையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்து, மேல் லயத்துக்கு ஏறினாள். கணபதியின் ஒற்றை அறைக் காம்பிரா வாசலில் ஆட்டோ தார்ப்பாய் போர்த்தி நின்றது. கதவு திறந்துதான் இருந்தது. சித்தி வேலைக்குப் போயிருந்தாள். அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பாதி ஆளாக இளைத்திருந்தார்.

“வா புள்ள,” என்றார்.

அவள் தரையில் இலையை விரித்துத் தண்ணீர் தெளித்தாள். மன்னிச்சுக்குங்க என்று பஸ்ஸில் வரும்போதே மனப்பாடம் பண்ணி வைத்திருந்தாள். சொல்ல வாயெடுத்தபோது அவர் முந்திக்கொண்டார்.

“பாட்ட எடுத்துட்டியாமே.”

“எடுத்துட்டோம் சித்தப்பா.”

“அதுல ஒன்னு பெழையா இருக்கு. மூணு தரம்னு வருது. நாலு.”

அவளுக்கு விளங்கவில்லை. கணபதி எழுந்து அலுமாரியைத் திறந்தார். உடுப்புக்கு அடியிலிருந்து ஒரு பழைய பட்டன் போனை எடுத்தார். அந்த நாளுக்குப் பிறகு அவர் வேறு போன்தான் வைத்திருந்தார். இதற்கு மட்டும் தவறாமல் சார்ஜ் போட்டு வைத்திருந்திருக்கிறார். வந்த அழைப்புகளைத் திறந்து அவளிடம் நீட்டினார். எடுக்காத அழைப்பு நாலு. அண்ணி, அண்ணி, அண்ணி. அதற்கு மேலே, இரண்டு மணி பதினேழு நிமிஷத்துக்கு, அண்ணன்.

“அண்ணி கூப்புட்டப்ப, வண்டியில ஆளு இருக்கு, அப்பறம் எடுப்போம்னு விட்டேன். மூணாவது தரமும் அடிச்சோன கொஞ்சம் பயமா இருந்திச்சு. ஓரங்கட்டுவோம்னு பாத்தேன். அந்த நேரம் பாத்து அண்ணன் பேரு வந்திச்சு.” அவர் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டார். “அவரே கூப்புடுறாருன்னா நல்லாத்தான் இருக்காருன்னு நெனச்சேன். நிம்மதியா வண்டிய ஓட்டிக்கிட்டுப் போனேன் புள்ள.”

கிருஷாந்தி கரண்டியைப் பிடித்தபடி குந்தியிருந்தாள். அம்மா லொறியைத் தேடி ஓடிய நேரம் அது. கண் திறக்க முடியாமல், தடவித் தடவி, அப்பா தம்பியின் நம்பரை அழுத்தியிருக்கிறார். மூன்று லட்சம் பேருக்கு முன்னால் வந்த அந்த உறுமல் இப்போது வரவில்லை.

“அண்ணி எலை போட்டப்ப இத நான் சொல்லல. சொல்லாமத் தின்னேன். பாட்டுல மூணு மூணுன்னு கேக்குறப்பல்லாம், நாலுடா நாலுடான்னு உள்ளுக்குள்ள கத்துவேன். இப்ப சொல்லிட்டேன். இதுக்கு மேலயும் சோறு போடுறதா இருந்தா போடு. இல்லாட்டி எடுத்துக்கிட்டுப் போ. ஒன்னும் நெனைக்க மாட்டேன்.”

அவள் கரண்டியை வாளிக்குள் வைத்தாள். எழுந்து வாசல்வரை போனாள். கீழே அவர்கள் வீட்டு முற்றத்தில் அம்மா யாருக்கோ தண்ணீர் வார்த்துக்கொண்டிருந்தது தெரிந்தது. இங்கிருந்து ஒரு சத்தம் போட்டால் அங்கே கேட்கும்.

திரும்பி வந்து குந்தினாள். சோற்றை அள்ளி இலையில் போட்டாள். பருப்பை ஊற்றினாள். கொஞ்சம் தரையிலும் சிந்தியது. கணபதி கட்டிலிலிருந்து இறங்கி இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். முதல் கவளத்தைப் பிசைந்து கையில் வெகுநேரம் வைத்திருந்தார். அவர் அதை விழுங்கும்வரை அவள் அசையவில்லை.

அவள் இறங்கி வந்தபோது பந்தி முடிந்திருந்தது. சுந்தரி வாளியை எட்டிப் பார்த்தாள்.

“சாப்பிட்டாரா?”

“சாப்பிட்டாரு.”

“ஏதாச்சும் சொன்னாரா புள்ள?”

கிருஷாந்தி தண்ணீர் விழும் பீலியடிக்குப் போய் வாளியைக் கழுவிக் கவிழ்த்தாள்.

“ஒன்னும் சொல்லலம்மா,” என்றாள்.